ஊர்ப் பழைய பாலத்தை இடிப்பதா, வைத்துக்கொள்வதா: மனு எழுதுவதற்கு முன் செய்ய வேண்டியவை

எங்கள் ஊருக்குள் லாரி வர முக்கிய வழி, ஆற்றின் மேல் இருக்கும் மூன்று கண் (தண்ணீர் போகும் வளைவுத் திறப்பு) செங்கல் பாலம். வெள்ளைக்காரர் காலத்தில் சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டியது. நான் ஊரில் உரக்கடை வைத்திருக்கிறேன். நடுக் கண்ணில் விரிசல் கண்டதும், "இடித்துவிட்டுப் புதுப் பாலம் கட்டித் தாருங்கள்" என்று முதல் மனுவை எழுதியதும் நான்தான். அங்கிருந்து ஒரு சரியான முடிவுக்கு வர மூன்று வருஷத்துக்கு மேல் ஆனது. அதில் பாதிக் காலம், சம்பந்தமில்லாத அலுவலகத்தில், தப்பான கேள்வியோடு, தப்பான மாதத்தில் போய் நின்றதிலேயே கழிந்துவிட்டது.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பாலம் இருந்து, "இனி தாங்காது" என்று ஒரு பக்கமும் "தாத்தா காலத்துப் பாலம், தொடாதே" என்று இன்னொரு பக்கமும் பேச்சு தொடங்கியிருந்தால் இதைப் படியுங்கள். நான் பார்த்தது காவிரி டெல்டா. மற்ற மாவட்டங்களில் மாதங்கள் மாறலாம், அலுவலக நடைமுறை பெரும்பாலும் இதேதான்.

தொடங்கும் முன் ஒன்று. விரிசல் நாளுக்கு நாள் பெரிதாகிறது, வளைவிலிருந்து செங்கல் உதிர்கிறது, மேலே சாலை ஓரிடத்தில் உள்வாங்கியிருக்கிறது என்றால் கீழே சொல்லும் எதற்கும் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே மாவட்ட ஆட்சியருக்கு எழுதி, மோட்டார் வாகனச் சட்டம் 115-ஆம் பிரிவின் கீழ் கனரக வாகனங்களை நிறுத்தக் கேளுங்கள். முதலில் லாரி நிற்கட்டும். மற்றதையெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

## 1. பாலம் யாருடையது என்று எழுத்தில் வாங்குங்கள்

எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது. பாலம் ஊரில் இருப்பதால் ஊராட்சிக்குச் சொந்தம் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் மூன்று பேரில் ஒருவருடையதாக இருக்கலாம்.

சாலை மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, இதர மாவட்டச் சாலை என்ற வகைகளில் இருந்தால் பாலம் நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கும். ஒன்றியச் சாலை, ஊராட்சிச் சாலை என்றால் ஊராட்சி ஒன்றியம், அதாவது பிடிஓ அலுவலகம். பாலத்தோடு சேர்ந்து தண்ணீரைத் தடுக்கும் ஷட்டர் இருந்தால் அது பெரும்பாலும் நீர்வளத் துறையுடையது. இந்தத் துறை 2021-இல்தான் பொதுப்பணித் துறையிலிருந்து தனியாகப் பிரிந்தது. அதனால் பழைய கோப்பு "பொ.ப.து." என்ற பெயரில் கிடக்கும். தேடச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இதில் குழப்பம் என்னவென்றால், மேலே போகும் சாலை ஒரு துறைக்கும் கீழே இருக்கும் கட்டுமானம் இன்னொரு துறைக்கும் சொந்தமாக இருக்கலாம். எங்கள் பாலம் அப்படித்தான். ஓர் அலுவலகத்தில் எட்டு மாதம் "பார்க்கிறோம்" என்றார்கள். கடைசியில், அவர்கள் பொறுப்பு மேலே இருக்கும் தார் மட்டும்தான் என்று தெரிந்தது.

முதலில் கைப்பிடிச் சுவரின் முனையைப் பாருங்கள். 12/3 என்பது போல எண் எழுதியிருந்தால் 12-ஆவது கிலோமீட்டரில் மூன்றாவது பாலம் என்று பொருள். அந்த எண்ணைச் சொன்னால் பொறியாளர் பதிவேட்டில் உடனே எடுத்துவிடுவார். எண் இல்லாவிட்டால், அரசின் நில ஆவண இணையதளத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு அ-பதிவேடும் புல வரைபடமும் எடுத்து, இடம் எந்தப் புறம்போக்கு என்று பாருங்கள்.

அப்புறம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மூன்று அலுவலகத்துக்கும் ஒரே நாளில் மனு போடுங்கள். ஒன்றுக்கு 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். பதில் வர 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் பலன் இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். கேட்க வேண்டியவை:

- இந்தப் பாலத்தின் பராமரிப்புப் பொறுப்பு எந்த அலுவலகத்துடையது
- கடைசியாக ஆய்வு செய்த நாள், ஆய்வறிக்கையின் நகல்
- அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச எடை, அதற்கான உத்தரவின் நகல்
- கடந்த 10 வருஷத்தில் பாலத்துக்குச் செய்த செலவு, வேலை வாரியாக
- மூல வரைபடம் இருந்தால் நகல்

"பாலம் பாதுகாப்பாக உள்ளதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அது கருத்துக் கேட்பது, பதிவேட்டில் அதற்குப் பதில் இருக்காது. ஆவணத்தைக் கேளுங்கள். இதே சட்டத்தின் 2(ஜெ) பிரிவு, கோப்பையும் வேலையையும் நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் உரிமை கொடுக்கிறது. இது பலருக்குத் தெரியாது, வேலை தொடங்கிய பிறகு மிகவும் உதவும்.

## 2. ஆறு வறண்ட மாதங்களில் கீழே இறங்கிப் பாருங்கள்

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும். ஆக, டெல்டாவில் பாலத்தின் கால் கண்ணுக்குத் தெரிவது பிப்ரவரி முதல் மே வரைதான். நான் முதல் தடவை பொறியாளரை அழைத்து வந்தது அக்டோபரில். அவர் கரையில் நின்று வளைவைப் பார்த்தார், "மேலே நன்றாகத்தான் இருக்கிறது" என்று எழுதிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல முடியாது, இடுப்பளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

பழைய வளைவுப் பாலம் வயதால் மட்டும் விழுவதில்லை. செங்கல்லும் கல்லும் அழுத்தத்தை நன்றாகவே தாங்கும். தூணுக்கு அடியில் மண் போனால், தூண் கொஞ்சம் சாய்ந்தால், வளைவு பிடி விட்டுவிடும். மகாராஷ்டிரத்தில் மகாட் அருகே சாவித்திரி ஆற்றுப் பாலம் 2016 ஆகஸ்ட் 2-ஆம் தேதி இரவு வெள்ளத்தில் போனது. அதுவும் ஆங்கிலேயர் காலத்துக் கல் வளைவுப் பாலம்தான். இரண்டு அரசுப் பேருந்துகள் ஆற்றோடு போயின. அந்தப் பாலத்தை அதே வருஷம் மே மாதத்தில் பார்வையிட்டிருந்தார்கள். கண்ணால் பார்ப்பதற்கும் அடித்தளத்தைச் சோதிப்பதற்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று எனக்குப் புரிய வைத்தது அந்தச் செய்திதான்.

நீங்கள் பார்க்க வேண்டியது இவை. தனியாகப் போகாதீர்கள், ஒருவர் மேலே நின்று வண்டியைப் பார்த்துக்கொள்ளட்டும்.

தூணின் கால். மணல் மட்டம் எங்கே இருக்கிறது, பழைய மட்டத்தின் கறை எங்கே இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். எங்கள் பாலத்தின் இரண்டாவது தூணில் கறைக்கும் மணலுக்கும் நடுவே என் முழங்கையளவு இடைவெளி இருந்தது. குனிந்து கையை நீட்டினால் அடிக்கல்லுக்குக் கீழே விரல்கள் உள்ளே போயின. நடுக் கண்ணின் விரிசலுக்குக் காரணம் அங்கேதான் இருந்தது. நாங்கள் ஒரு வருஷமாக மேலேயே பார்த்துக்கொண்டிருந்தோம்.

விரிசலின் திசை. வளைவுக்கு அடியில், சாலை போகும் திசையிலேயே ஓரமாக ஓடும் விரிசல் பெரும்பாலும் பக்கச் சுவர் வெளியே தள்ளுவதால் வருவது, சரிசெய்துவிடலாம். சாலைக்குக் குறுக்காகவோ மூலைவாட்டாகவோ ஓடினால் தூணோ கரைச்சுவரோ அசைகிறது என்று சந்தேகப்படுங்கள். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் சிமெண்டில் பதித்து, பக்கத்தில் தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது. பத்து ரூபாய்க்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

காரை. நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்கிறதா? வளைவின் அடியில் வெள்ளை வெள்ளையாக வழிந்த தடம் இருந்தால் மேலிருந்து மழைநீர் இறங்கிச் சுண்ணாம்பைக் கரைக்கிறது. தண்ணீர் வெளியேறும் துளைகள் தாரில் அடைபட்டிருக்கும், அதையும் பாருங்கள்.

கைப்பிடிச் சுவரின் உயரம். எங்கள் பாலத்தில் இடுப்பளவு இருந்த சுவர் இப்போது முழங்கால் அளவு. சுவர் இறங்கவில்லை, ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்துவிட்டது. 20 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலத்தில் 5 சென்டிமீட்டர் தார்க் கலவை போட்டால் ஏறத்தாழ 9 டன். நாலு தடவை போட்டால் 36 டன்னுக்கு மேல், இரவும் பகலும் நிற்கும் எடை.

அரச மரக் கன்று முளைத்திருந்தால் பிடுங்காதீர்கள், வேரோடு செங்கல்லும் வரும். வெட்டிவிட்டுப் படம் எடுத்து வையுங்கள், வேரை என்ன செய்வதென்று பொறியாளர் சொல்லட்டும்.

ஊரில் யாராவது நல்லெண்ணத்தில் "விரிசலில் சிமெண்ட் பூசிவிடலாம்" என்பார்கள். வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். சுண்ணாம்புக் கட்டுமானத்தின் மேல் சிமெண்டைப் பூசினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழி இல்லாமல் செங்கல்லையே தின்னும். அதோடு, ஆய்வுக்கு வருபவர் பார்க்க வேண்டிய விரிசலும் மறைந்துபோகும்.

## 3. பாலத்தின் மேல் என்ன போகிறது என்று எண்ணுங்கள்

ஒரு சாதாரண நாள், ஒரு நெல் கொள்முதல் கால நாள், இரண்டு நாளும் காலை 6 முதல் இரவு 8 வரை எண்ணினால் போதும். பள்ளி வேன், மினி பஸ், டிராக்டர், அறுவடை இயந்திரம், நெல் மூட்டை லாரி, டிப்பர் என்று தனித்தனியாக எழுதுங்கள். இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் ஒரு நோட்டோடு உட்கார்ந்து இதைச் செய்தார்கள். எங்கள் மொத்த முயற்சியிலும் அதிகாரிகள் அதிக நேரம் புரட்டிப் பார்த்த காகிதம் அந்த நோட்டுதான்.

எடையில் ஒன்று கவனியுங்கள். 2018-இல் மத்திய அரசு லாரிகளின் அனுமதி எடையை உயர்த்தியது. மூன்று அச்சு லாரிக்கு 25 டன்னாக இருந்தது 28.5 டன் ஆனது. அதற்கு முன் எடுத்த தாங்குதிறன் கணக்கு உங்கள் பாலத்துக்கு இருந்தால் அது இன்றைய லாரிக்கான கணக்கு இல்லை.

எண்ணி முடித்தபோது எங்களுக்குத் தெரிந்தது, பாலத்தை வருத்துவது ஊர் வண்டிகள் இல்லை. சுங்கச்சாவடியைத் தவிர்க்க வெளியூர் டிப்பர்கள் எங்கள் ஊர் வழியே போய்க்கொண்டிருந்தன. என் கடைக்கு வரும் உர லாரியும் அந்தப் பட்டியலில் இருந்தது. அதைச் சபையில் நானே வாசித்தேன்.

## 4. கிராம சபைத் தீர்மானத்தின் வாசகத்தில் கவனமாக இருங்கள்

தமிழ்நாட்டில் வழக்கமான கிராம சபை வருஷத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கோரம், அதாவது சபைக்கு வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள், மக்கள்தொகையைப் பொறுத்தது. 500 வரை 50 பேர், 501 முதல் 3,000 வரை 100, 3,001 முதல் 10,000 வரை 200, அதற்கு மேல் 300. கோரம் இல்லாமல் போட்ட தீர்மானத்தை யாராவது எதிர்த்தால் நிற்காது. பொருளை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லி ஊராட்சித் தலைவருக்கு (தேர்தல் நடக்காத காலத்தில் தனி அலுவலருக்கு) பத்து நாள் முன்னதாகவே எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள்.

நாங்கள் முதலில் போட்ட தீர்மானம், "பழுதடைந்த பாலத்தை இடித்துப் புதிய பாலம் கட்டித் தர வேண்டும்." இதுதான் எங்களை ஒன்றரை வருஷம் பின்னே தள்ளியது. இடிக்கச் சொல்லி ஊரே எழுதிக் கொடுத்த பிறகு, பாலத்தை ஆய்வு செய்ய எந்த அதிகாரிக்கும் காரணம் இல்லை. பணம் வரும் வரை கோப்பு அப்படியே கிடந்தது, பாலமும் அப்படியே கிடந்தது. கோப்பு கிடந்த அலுவலகத்தில் இருந்த ஓர் இளம் பொறியாளர்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, இடிக்கணும்னு எழுதியிருக்கீங்க, சரி. எதனால இடிக்கணும்னு யாரும் எழுதலையே" என்றார்.

இரண்டாவது முறை இப்படி எழுதினோம். நீங்களும் எடுத்துக்கொள்ளலாம்:

"மேற்படி பாலத்தின் அடித்தளம், வளைவு, தாங்குதிறன் ஆகியவற்றை ஆறு வறண்ட காலத்தில் ஆய்வு செய்து, பழுதுபார்த்தல், வலுப்படுத்துதல், பக்கத்தில் புதுப் பாலம், இடித்துக் கட்டுதல் ஆகிய நான்கு வழிகளுக்கும் தனித்தனி மதிப்பீட்டுடன் அறிக்கை தர வேண்டும். அறிக்கை வரும் வரை கனரக வாகனங்களைத் தடை செய்ய வேண்டும்."

தீர்மான நகலை மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளிலும், மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் கொடுங்கள். இரண்டிலும் மனு எண் கிடைக்கும். விவசாயிகள் கூட்டத்தில் எல்லாத் துறை அதிகாரிகளும் ஒரே அறையில் இருப்பார்கள், "இது எங்கள் துறை இல்லை" என்று சொல்வது அங்கே கஷ்டம்.

## 5. தாங்குதிறன் ஆய்வு: என்ன கேட்பது, யாரிடம்

இந்தப் படியை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். "பார்வையிட்டோம்" என்ற ஒரு பக்கக் கடிதம் ஆய்வாகாது. சாலை, பாலப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வெளியிட்ட வழிகாட்டிகள் இருக்கின்றன: பாலங்களைப் பார்வையிட எஸ்.பி. 35, தாங்குதிறனைக் கணக்கிட எஸ்.பி. 37, பாரம் ஏற்றிச் சோதிக்க எஸ்.பி. 51. உங்கள் மனுவில் இந்த எண்களை எழுதுங்கள். எழுதியவுடன் கோப்பு போகும் மேசை மாறுகிறது, நான் கண்ணால் பார்த்தேன்.

பாரச் சோதனையில், கணக்கிட்ட எடையோடு வண்டிகளைப் பாலத்தில் நிறுத்தி 24 மணி நேரம் வைத்து எவ்வளவு தொய்கிறது என்று அளப்பார்கள். எடையை எடுத்த பிறகு மறுபடி 24 மணி நேரம் விட்டு, எவ்வளவு பழைய நிலைக்குத் திரும்புகிறது என்று பார்ப்பார்கள். ஆனால் அடித்தளம் அரித்துப்போன பாலத்தில் எடுத்தவுடனே இதைச் செய்வது ஆபத்து. முதலில் தூணின் பக்கத்தில் தோண்டி அடித்தளத்தின் ஆழத்தைப் பார்க்க வேண்டும். பிறகு செங்கல், காரை மாதிரிச் சோதனை, அதற்குப் பிறகு கணக்கு. இவ்வளவும் சரியென்று வந்தால்தான் பாரம். அந்த வரிசையை எழுத்தில் கேளுங்கள்.

செய்யக்கூடிய இடங்கள்: கிண்டியில் இருக்கும் நெடுஞ்சாலை ஆராய்ச்சி நிலையம், தரமணியில் இருக்கும் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம், திருச்சி என்.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம். சென்னை ஐ.ஐ.டி.யில் பாரம்பரியக் கட்டடங்களின் பாதுகாப்புக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது. சுண்ணாம்புக் கட்டுமானம் தெரிந்தவர்கள் கையில் போனால் அறிக்கையின் தரமே வேறு. கான்கிரீட் மட்டும் தெரிந்தவர் சுண்ணாம்புப் பாலத்தைப் பார்த்தால், தெரியாத பொருளைச் சந்தேகப்படுவது இயல்புதான்.

ஊர்ப் பணம் வசூலித்துத் தனியாக ஆய்வு வைக்கலாமா என்று கேட்பார்கள். நாங்களும் யோசித்தோம். வேண்டாம் என்பது என் கருத்து. பாலத்தில் தோண்ட எப்படியும் துறையின் அனுமதி வேண்டும். துறையே கடிதம் எழுதி வரவழைத்தால்தான் அறிக்கை கோப்புக்குள் போகும், கட்டணமும் மதிப்பீட்டில் சேரும். உங்கள் வேலை அந்தக் கடிதத்தை எழுத வைப்பது.

காலக் கணக்கு: கடிதம் போக இரண்டு மூன்று மாதம், குழு வர ஒரு மாதம், அறிக்கைக்கு இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே பிப்ரவரியில் ஆய்வு நடக்க அக்டோபர் 2 கிராம சபையிலேயே தீர்மானம் போயிருக்க வேண்டும். ஜனவரி 26-க்குத் தள்ளினால் ஒரு வருஷம் போய்விடும்.

## 6. "பாரம்பரியச் சின்னம்" என்பது சட்டப்படியா, பேச்சுப்படியா?

ஊரார் பேச்சில் பாரம்பரியப் பாலம் என்பது வேறு, பட்டியலில் இருப்பது வேறு. மத்தியத் தொல்லியல் துறை, மாநிலத் தொல்லியல் துறை ஆகிய இரண்டின் பாதுகாப்புப் பட்டியலையும் பாருங்கள். கிராமத்துப் பாலங்கள் பெரும்பாலும் இரண்டிலும் இருக்காது. இல்லையென்றால் இடிப்பதைத் தடுக்கச் சட்டம் வராது, ஊரின் விருப்பம்தான் தடுக்க வேண்டும்.

டெல்டாவில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பாலம் பட்டியலில் இல்லாவிட்டாலும் பக்கத்துக் கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் கீழ் இருக்கலாம். அப்படியானால் சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி, புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கடுத்த 200 மீட்டரில் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் அனுமதி வேண்டும். டெண்டர் விட்ட பிறகு இது தெரியவந்தால் வேலை நின்றுவிடும். டேப் பிடித்து இப்போதே அளந்துவிடுங்கள்.

## 7. நான்கு வழிகளுக்கும் முழுச் செலவைக் கேளுங்கள்

எடைத் தடையோடு பழுதுபார்த்து வைத்துக்கொள்வது. உடனடிச் செலவு குறைவு. ஆனால் பலகை நட்டால் மட்டும் டிப்பர் நிற்காது. உயரத் தடுப்புக் கம்பி போடலாம் என்பார்கள். அது தப்பான வண்டியைத்தான் தடுக்கும். வைக்கோல் ஏற்றிய டிராக்டர் உயரம் அதிகம், எடை குறைவு. டிப்பர் உயரம் குறைவு, எடை அதிகம். அகலத்தைக் குறுக்கும் கல் தூண்கள் நடுவது நல்லது. நடுவில் ஒன்று கழற்றக் கூடியதாக இருக்கட்டும், சாவி பாலத்துக்கு இரு பக்கத்திலும் ஒவ்வொரு வீட்டில் இருக்கட்டும். தீயணைப்பு வண்டி வர வேண்டும் அல்லவா.

வலுப்படுத்துவது. அடித்தளத்தைச் சுற்றிக் கட்டுவது, சுண்ணாம்புக் கலவையை உள்ளே செலுத்துவது, தேவையற்ற தார் அடுக்குகளை எடுப்பது. பழைய உறுப்பைத் தொடாமல் புது எடையை மட்டும் ஏற்றும் "புதுப்பித்தல்" திட்டத்தை ஏற்காதீர்கள். குஜராத்தின் மோர்பி தொங்கு பாலம் 2022 அக்டோபர் 30-இல் அறுந்து 135 பேர் இறந்தார்கள். புதுப்பித்துத் திறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. தளத்தை மாற்றியவர்கள் முதன்மை வடத்தை மாற்றவில்லை என்று விசாரணைக் குழு சொன்னது.

பக்கத்தில் புதுப் பாலம், பழையது நடைக்கும் சைக்கிளுக்கும். அகமதாபாத்தின் எல்லிஸ் பாலம் 1892-ஐச் சேர்ந்தது. அதை நடுவில் விட்டு இரு பக்கமும் புதுப் பாலம் கட்டினார்கள். திருநெல்வேலியில் 1843-இல் கட்டிய சுலோசன முதலியார் பாலம் பின்னாளில் அகலப்படுத்தப்பட்டு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் கைவிட்ட பாலம் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளாது. திருச்சி கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலம், புதுப் பாலம் வந்து போக்குவரத்து நின்ற பிறகு, 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண் சரிந்து உடைந்தது. எனவே இந்த வழியைத் தேர்ந்தால், பழைய பாலத்தின் பராமரிப்பு யார் கணக்கில் என்று அனுமதி ஆணையிலேயே எழுத வையுங்கள்.

இடித்துக் கட்டுவது. மதிப்பீட்டில் விட்டுப்போகும் செலவுகள் இதில்தான் அதிகம்: இடிக்கும் செலவு, தற்காலிக மாற்றுப்பாதை, மின்கம்பம், கூட்டுக் குடிநீர்க் குழாய், நில எடுப்பு. புதுப் பாலத்தின் மட்டத்தையும் கேளுங்கள். வெள்ள மட்டத்துக்கு மேல் விட வேண்டிய இடைவெளி, ஆற்றின் ஓட்டம் நொடிக்கு 30 முதல் 300 கன மீட்டர் வரை (சுமார் 1,060 முதல் 10,600 கன அடி) என்றால் 90 சென்டிமீட்டர். அதனால் பாலம் உயரும், அதோடு இணைப்புச் சாலையும் உயரும். சாலையோர வீடுகள் பள்ளத்துக்குப் போய், அடுத்த ஐப்பசி மழை திண்ணை ஏறும். அந்த வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு வரைபடத்தைக் காட்டாமல் ஒப்புதல் தராதீர்கள். அகலமும் முக்கியம். ஒருவழிப் பாலத்துக்கு 4.25 மீட்டர், இருவழிக்கு 7.5 மீட்டர். இவ்வளவு பாடுபட்டு மறுபடி ஒருவழிப் பாலம் வந்தால் பஸ்கள் எதிரெதிரே நின்றுகொண்டுதான் இருக்கும்.

## 8. பணம்

சின்னப் பழுதுபார்ப்புக்குத் துறையின் பராமரிப்பு நிதி. கொஞ்சம் பெரிய வேலைக்கு எம்.எல்.ஏ. தொகுதி நிதி வருஷத்துக்கு 3 கோடி, எம்.பி. நிதி 5 கோடி; தொகுதி முழுவதற்கும் சேர்த்து அவ்வளவுதான் என்பதை மறக்க வேண்டாம். புதுப் பாலத்துக்கு, வேளாண் ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டின் ஊரக உள்கட்டமைப்பு வளர்ச்சி நிதி வழக்கமான வழி.

இதில் ஒரு சங்கடம் உண்டு. புதுக் கட்டுமானத்துக்குப் பணம் கிடைப்பது சுலபம், பழையதைப் பழுதுபார்க்கக் கிடைப்பது கஷ்டம். பணம் எதற்குக் கிடைக்கிறதோ அதுவே முடிவாகிவிடும். அதனால்தான் ஆய்வறிக்கையை முதலில் கையில் வைத்திருங்கள் என்கிறேன். அறிக்கை இருந்தால் "அடித்தளத்துக்கு இவ்வளவு போதும்" என்று காட்டிக் கேட்க முடியும்.

எங்கள் கைச்செலவு பெரிதில்லை. தகவல் மனுக்கள், பக்கத்துக்கு 2 ரூபாய் நகல், பதிவுத் தபால், பஸ் கட்டணம். நேரம்தான் பெரிய செலவு. ஒரே ஆள் தூக்கிச் சுமக்காதீர்கள். ஐந்து பேராகப் பிரித்துக்கொள்ளுங்கள், கோப்பின் நகல் இரண்டு வீட்டில் இருக்கட்டும்.

## 9. வேலை தொடங்கும்போது

எங்கள் அறிக்கை, வளைவுகள் நன்றாக இருக்கின்றன, இரண்டாம் தூணின் அடித்தளத்தைக் கட்டாயம் சரிசெய்ய வேண்டும் என்று சொன்னது. இப்போது அடித்தள வேலை முடிந்து, கனரக வண்டிகளுக்குத் தடை இருக்கிறது. லாரிகளுக்காகக் கொஞ்சம் கீழே தனிப் பாலம் கேட்டிருக்கிறோம். என் உர லாரி இப்போது மறுகரையிலேயே நின்றுவிடுகிறது, அங்கிருந்து டிராக்டரில் வருகிறது. மூட்டைக்குக் கூலி கூடுதல்தான். உங்கள் ஊர் அறிக்கை இடிக்கத்தான் வேண்டும் என்று சொன்னால் அதையும் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

எந்த வழியானாலும், ஆற்றுக்குள் வேலை பிப்ரவரியில் தொடங்கி மே மாதத்துக்குள் முடிய வேண்டும். மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானால் அந்த வருஷம் தொடங்க விடாதீர்கள். ஜூனில் தண்ணீர் வரும்போது பாதி தோண்டிய தூண் இருப்பதைவிடப் பழைய தூணே மேல். மாற்றுப்பாதை போட்டு, அதில் பள்ளி வேனும் 108 ஆம்புலன்சும் ஓடிப் பார்த்த பிறகே பாலத்தை மூடச் சொல்லுங்கள். மாற்றுப்பாதைக்கு அடியில் குழாய் எத்தனை, எந்த அளவு என்றும் கேளுங்கள். கோடை மழை ஒன்றே அதை அடித்துக்கொண்டு போய்விடும்.

இடிப்பதாக இருந்தால் முந்தின வாரமே நான்கு பக்கமும் படம் எடுத்து, கண்களின் அகலம், தூணின் கனம், செங்கல்லின் அளவு எல்லாம் அளந்து எழுதி வையுங்கள். கைப்பிடிச் சுவரில் கட்டிய ஆண்டு பொறித்த கல் பல பாலங்களில் இருக்கும். எங்கள் பாலத்தில் அது வெள்ளையடித்து வெள்ளையடித்து மூடிப்போயிருந்தது, தென்னந்துடைப்பத்தால் ஈரம் வைத்துத் தேய்த்த பிறகுதான் எழுத்து தெரிந்தது. அந்தக் கல்லைச் சேதமில்லாமல் எடுத்து ஊராட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஒப்பந்த நிபந்தனையில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஜே.சி.பி. வரும் நாளில் ஊரில் ஒருவர் அந்தக் கல் பக்கத்தில் நிற்கட்டும்.